வார இறுதிக்கு ஒரு வெள்ளைத் தூண் வீடு: தில்லிப் பண்ணை வீடுகளும் நீண்டுகொண்டே போகும் சட்டப் பாதுகாப்பும்

புது தில்லி: குதுப் மினாரைக் கடந்து தெற்கே சத்தர்பூர் பக்கம் திரும்பினால் தலைநகரின் முகம் சட்டென்று மாறுகிறது. சாலையின் இருமருங்கிலும் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய மதில்கள், இரும்புக் கதவுகள், கதவுக்கு ஒரு காவலாளி. கதவு திறந்து மூடும் அந்த அரை நிமிடத்தில் உள்ளே தெரிவது பெரும்பாலும் ஒரே காட்சிதான். நெட்டிலிங்க மரங்களின் வரிசை, கத்தரித்து வைத்த புல்வெளி, நடுவே ஒரு நீரூற்று, அதன் பின்னால் வெள்ளைத் தூண்கள் தாங்கிய முக்கோண முகப்பு. ரோமாபுரி ஆலயத்தின் முகப்பைப் பெயர்த்து ஹரியாணா எல்லையில் நட்டுவைத்தது போல இருக்கும்.

வருவாய்த் துறையின் ஏட்டில் இது விவசாய நிலம். அதில் நிற்பது 'ஃபார்ம் ஹவுஸ்', அதாவது பண்ணை வீடு. உரிமையாளர் வசிப்பது நகருக்குள். சனிக்கிழமை மாலை வந்து ஞாயிறு இரவு திரும்பிவிடுவார். முகூர்த்த நாள்களில் அதே புல்வெளியில் பந்தல் எழும். பல ஆயிரம் பேருக்குச் சாப்பாடு நடக்கும். கோதுமையும் கடுகும் விளைந்த காலம் பழைய கிராமத்தாரின் நினைவில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

இந்தத் தூண்களைக் கேலி செய்யாத கட்டடக் கலைஞர் தில்லியில் அரிது. கட்டடக் கலைஞரும் எழுத்தாளருமான கௌதம் பாட்டியா இதற்கு 'பஞ்சாபி பரோக்' என்று பெயரிட்டு 1994-இல் ஒரு புத்தகமே வெளியிட்டார். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. எனினும், கேலியோடு விஷயம் முடிந்துவிடவில்லை. பழைய கிரேக்க, ரோமானிய அளவுகளைப் பின்பற்றி எழுந்த நவசெவ்வியல் கட்டடக் கலையில் ஒரு சிறிய வார இறுதி இல்லம் கட்ட வேண்டும் என்ற ஆசைக்கு தில்லியில் ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயது. அந்த ஆசை சட்டத்தோடும், நிலத்தடி நீரோடும், நாடாளுமன்றத்தோடும் வந்து முட்டியது மட்டுமே புதிய கதை.

கல்லறையில் ஒரு சாப்பாட்டுக் கூடம்

சர் தாமஸ் மெட்காஃப், கடைசி முகலாயப் பேரரசர் பகதூர் ஷா ஜாபரின் அரசவையில் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியாக இருந்தவர். வடக்கே யமுனைக் கரையில் அவருக்கு ஒரு பெரிய மாளிகை இருந்தது. தூண் வரிசையும் அகன்ற தாழ்வாரமும் கொண்ட அந்த 'மெட்காஃப் ஹவுஸ்' அக்கால ஆங்கிலேயர்களின் நவசெவ்வியல் ரசனைக்கு நல்ல உதாரணம். 1857 கிளர்ச்சியில் அது சூறையாடப்பட்டது. பின்னாளில் சீரமைக்கப்பட்டு, 1920 முதல் 1926 வரை மாநிலங்களவையின் முன்னோடியான 'கவுன்சில் ஆஃப் ஸ்டேட்' அங்குதான் கூடியது. நாடாளுமன்ற வரலாற்றில் ஈடுபாடு கொண்டவர்கள்கூட எளிதில் மறந்துவிடும் முகவரி அது.

மெட்காஃபுக்கு அந்த மாளிகை போதவில்லை. 1840-களில், பத்து மைலுக்கும் அப்பால் உள்ள மெஹ்ரோலியில், மழைக்காலத்திலும் ஓய்வு நாள்களிலும் தங்குவதற்கென்று ஓர் இடத்தைத் தேர்ந்தார். அவர் தேர்ந்தது ஒரு கல்லறை. அக்பரின் வளர்ப்புச் சகோதரர்களில் ஒருவரான குலி கானின் எண்கோண வடிவக் கல்லறை மண்டபத்தை வீட்டின் மையமாக்கி, அதன் நடுக்கூடத்தைச் சாப்பாட்டு அறையாக மாற்றி, இருபுறமும் புதிய அறைகளைச் சேர்த்தார். சுற்றிலும் தோட்டம், நீரோடை, படகுத் துறை, வேடிக்கைக்குச் சில சிறு மண்டபங்கள். 'தில்குஷா', மனத்துக்கு மகிழ்ச்சி தருவது, என்று பெயரும் சூட்டினார்.

கூப்பிடு தொலைவில் ஜாபர் மஹால் இருந்தது. அது பேரரசரின் கோடைக்கால அரண்மனை. ஓய்வு எடுக்க வந்த கம்பெனி அதிகாரியின் கண்ணில் பேரரசர் எப்போதும் பட்டுக்கொண்டிருந்தார் என்பது தற்செயலாக இருக்க முடியாது. 1853-இல் மெட்காஃப் இறந்தார். தில்குஷாவின் கூடுதல் அறைகள் இடிந்து அடித்தளங்கள் மட்டும் மிஞ்ச, எண்கோண மண்டபம் மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் இன்றும் நிற்கிறது. சத்தர்பூர் பண்ணை வீடுகளுக்கு அங்கிருந்து சில கிலோ மீட்டர் தொலைவுதான்.

பிறர் கட்டியதைத் தன் வசதிக்கு வளைத்துக்கொள்ளும் வழக்கத்தில் மெட்காஃப் முதல்வரும் அல்லர். காஷ்மீரி கேட் அருகே ஷாஜகானின் மகன் தாரா ஷிகோவின் நூலகம் இருந்த கட்டடத்தின் முகப்பில், கம்பெனிப் பிரதிநிதிகளின் காலத்தில் உயர்ந்த ஐரோப்பியத் தூண் வரிசை ஒன்று சேர்க்கப்பட்டது. பின்பக்கம் போனால் முகலாயச் சிவப்புக் கல் வளைவுகள். முன்பக்கம் வெள்ளைத் தூண்கள். ஆட்சி கை மாறியதை அறிவிக்க அந்நாளில் இந்த ஒரு முகப்பு போதுமானதாக இருந்தது.

தூண்கள் வந்த வழி

வார இறுதி இல்லத்துக்கும் செவ்வியல் தூணுக்கும் உள்ள உறவு இத்தாலியில் தொடங்குகிறது. 16-ஆம் நூற்றாண்டில் ஆந்திரேயா பல்லாடியோ, வெனிஸ் பகுதிப் பிரபுக்களுக்காக அவர்களுடைய விளைநிலங்களின் நடுவே மாளிகைகளைக் கட்டினார். அதுவரை ஆலயங்களுக்கே உரியதாக இருந்த தூண் முகப்பை வீட்டுக்கு வைத்தவர் அவர். அளவுகளையும் வரைபடங்களையும் தொகுத்து 1570-இல் அவர் வெளியிட்ட நூல், அடுத்த இரு நூற்றாண்டுகளில் இங்கிலாந்தையும் அமெரிக்காவையும் ஆட்டிப் படைத்தது. பல்லாடியோவின் பல வீடுகள் உண்மையான பண்ணை வீடுகள் என்பதைக் குறிப்பிட வேண்டும். தூண் வரிசையின் இரு சிறகுகளிலும் தானியமும் ஏரும் வண்டியும் வைக்கப்பட்டன. சத்தர்பூரில் அந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன.

அமெரிக்காவின் மூன்றாவது குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெபர்சன், பதவியில் இருக்கும்போதே 1806-இல் வர்ஜீனியா மாநிலத்தில் தனக்கென ஓர் ஒதுங்கிடம் கட்டத் தொடங்கினார். 'பாப்லர் ஃபாரஸ்ட்' என்று பெயர். மான்டிசெல்லோ மாளிகையில் ஓயாமல் குவிந்த விருந்தினர்களிடமிருந்து தப்பி ஓடுவதற்காகக் கட்டியது. செங்கல் கட்டடம், எண்கோண வடிவம், நடுவே நீளம், அகலம், உயரம் மூன்றும் 20 அடியாக அமைந்த சாப்பாட்டு அறை, அதற்கு மேற்கூரை வழியாக வெளிச்சம், முன்னும் பின்னும் தூண் முகப்பு. தில்லி மெட்காஃபும் எண்கோணத்தின் நடுவில்தான் உணவு உண்டார் என்பது சுவையான ஒற்றுமை. மனித சமத்துவத்தை அறிவித்த பிரகடனத்தை எழுதிய ஜெபர்சனின் அந்த அமைதியான இல்லத்தைச் சுற்றியிருந்த நிலத்தில் உழைத்தவர்கள் அடிமைகள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வார இறுதி வீட்டின் அழகைப் பற்றிப் பேசும்போது, அதன் விலையைக் கொடுப்பவர் யார் என்ற கேள்வி எங்கும் கூடவே வருகிறது.

இந்தியாவுக்குள் இந்தப் பாணி முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று சென்னை. 18-ஆம் நூற்றாண்டில் கோட்டைக்குள் நெருக்கியடித்து வாழ்ந்த கம்பெனி வணிகர்கள், ஊருக்கு வெளியே 'தோட்ட வீடு'களைக் கட்டிக்கொண்டார்கள். கிளிஞ்சல் சுண்ணாம்புச் சாந்தைப் பூசிப் பளிங்கு போல மெருகேற்றிய அந்தத் தூண்கள் வெளிநாட்டுப் பயணிகளை வியக்க வைத்தன. ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைத்து 1802-இல் முடிந்த விருந்து மண்டபம்தான் இன்றைய ராஜாஜி மண்டபம். அண்ணா, காமராஜர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோருக்குத் தமிழகம் இறுதி வணக்கம் செலுத்தியது அந்தப் படிகளில்தான். கேளிக்கைக்கு என்று எழுந்த ரோமானிய முகப்பு, தமிழக அரசியலின் மிகத் துயரமான நாள்களுக்குப் பின்புலமானது வரலாற்றின் விசித்திரம்.

தில்லியில் இதை நகர அளவுக்கு விரித்தவர்கள் எட்வின் லுட்யென்ஸும் ஹெர்பர்ட் பேக்கரும். 1927 ஜனவரியில் திறக்கப்பட்ட பேக்கரின் வட்ட வடிவ நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றி 144 தூண்கள். ஒவ்வொன்றும் 27 அடி உயரம். 2023 மே 28-இல் முக்கோண வடிவப் புதிய கட்டடம் திறக்கப்பட்ட பிறகு, அதே ஆண்டு செப்டம்பரில் பழைய கட்டடம் 'சம்விதான் சதன்' என்று பெயர் மாறியது. லுட்யென்ஸ், குடியரசுத் தலைவர் மாளிகைக்கு கிரேக்கத் தூணையோ ரோமானியத் தூணையோ அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. தலைப் பகுதியின் நான்கு மூலைகளிலும் கல்மணிகள் தொங்கும் புதிய தூணைத் தானே வடிவமைத்தார். கர்நாடகத்தின் மூடபித்ரி சமண ஆலயத் தூண்கள் அதற்குத் தூண்டுகோல் என்பார்கள். கன்னாட் பிளேஸ் வளைவையும், ஜன்பத் சாலையில் எம்.பி.க்களும் அவர்களுடைய விருந்தினர்களும் தங்கும் வெஸ்டர்ன் கோர்ட் கட்டடத்தையும், பிற்பாடு நேருவின் இல்லமாக மாறிய தீன் மூர்த்தி மாளிகையையும் வடிவமைத்தவர் ராபர்ட் டோர் ரஸ்ஸல்.

அதிகாரத்தின் நிறம் வெள்ளை, அதன் உருவம் தூண் என்ற எண்ணம் தலைநகரில் வேரோடியதற்கு இவை போதும். லுட்யென்ஸ் பகுதி பங்களாவை விலை கொடுத்து வாங்க எல்லாராலும் முடியாது. அரசு ஒதுக்கீடோ பதவி இருக்கும் வரைதான். 1988 முதல் அந்த மண்டலத்துக்கு எனத் தனிக் கட்டுப்பாடுகளும் உண்டு. பங்களாவில் வாழ்ந்து பழகியவர்களுக்கும், அங்கே வாசலில் காத்திருந்து பழகியவர்களுக்கும், சொந்தமாக ஒரு தூண் முகப்பு வேண்டும் என்ற ஆசை எழுந்தபோது கையெட்டும் தொலைவில் இருந்தது மெஹ்ரோலி வட்டாரத்து விளைநிலம்.

சட்டம் அனுமதித்த சிறு வீடு

1962-இல் நடைமுறைக்கு வந்த தில்லியின் முதல் மாஸ்டர் பிளான், நகரைச் சுற்றிலும் பசுமை வளையம் ஒன்று இருக்க வேண்டும் என்றது. அந்த வளையத்தில் நிலம் வைத்திருப்பவர் பயிரைப் பார்த்துக்கொள்ள ஒரு வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற சலுகையிலிருந்தே பண்ணை வீடு பிறந்தது. 1990-இல் அறிவிக்கப்பட்ட இரண்டாவது மாஸ்டர் பிளான் கணக்கைத் துல்லியமாக்கியது. குறைந்தது ஒரு ஹெக்டேர், அதாவது சுமார் இரண்டரை ஏக்கர் நிலம் வேண்டும். அதில் குடியிருப்புப் பகுதி 100 சதுர மீட்டருக்கு மேல் போகக்கூடாது. இரண்டு ஹெக்டேருக்கு மேல் என்றால் 150 சதுர மீட்டர்.

100 சதுர மீட்டர் என்பது 1,076 சதுர அடி. சென்னைப் புறநகரில் ஒரு நடுத்தரக் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டு அளவு. இதற்குள் நவசெவ்வியல் பாணி அடங்குமா என்றால், தாராளமாக அடங்கும் என்பதே கட்டடக் கலை அறிந்தவர்களின் பதில். அந்தப் பாணியின் உயிர் அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது.

நடுவே 18 அடிக்கு 18 அடி சதுரக் கூடம். அதன் இருபுறமும் 10 அடி அகலத்தில் ஒவ்வோர் அறை; குளியலறைகள் அவற்றுக்குள்ளேயே தடுத்துக்கொள்ளப்படும். கூடத்தின் பின்னால் 6 அடி ஆழத்தில் சமையலறை. முன்னால் 8 அடி ஆழத் தாழ்வாரம்; அதைத் தாங்க நான்கு தூண்கள். ஒன்பது அங்குலச் சுவர்களையும் கூட்டினால் ஏறக்குறைய 1,076 சதுர அடிக்குள் வந்து நிற்கும். வாசலில் நின்றால் கூடத்தின் வழியே பின்கதவு வரை பார்வை நேர்கோட்டில் போகும். இடமும் வலமும் கண்ணாடிப் பிம்பம் போலப் பொருந்தும். இந்த இரண்டும் அமைந்தால் பாணி அமைந்துவிட்டது. சிங்கச் சிலைகளும் நீரூற்றும் வாங்கத் தேவையில்லை.

தூணுக்குத் தனிக் கணக்கு உண்டு. இத்தாலியக் கலைஞர் விக்னோலா 16-ஆம் நூற்றாண்டில் வகுத்துக் கொடுத்த விகிதப்படி, மிக எளிய டஸ்கன் வகைத் தூணின் உயரம் அதன் அடிவிட்டத்தைப் போல 7 மடங்கு. டோரிக் 8, அயோனிக் 9, இலைக்கொத்துத் தலை கொண்ட கொரிந்தியன் 10. சிறு வீட்டுக்கு டஸ்கனே பொருத்தம். பத்தடி உயரத் தூண் என்றால் அடிப்பகுதி ஏறத்தாழ 17 அங்குலம் இருக்க வேண்டும். மேலே போகப் போகச் சற்றே மெலிய வேண்டும்.

சத்தர்பூரில் நடப்பது வேறு. ஒல்லியான கான்கிரீட் தூணை முதலில் எழுப்பிவிடுகிறார்கள். அதைச் சுற்றி இழைக் கண்ணாடி கலந்த சிமென்டில் வார்த்த ஆயத்த ஓடுகளை மாட்டி, மேலே கொரிந்தியன் தலையைப் பொருத்துகிறார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு ஒரே தூண். ஆனால் பருமன் ஒரு மாடிக்கு உரியது. முக்கோண முகட்டைத் தாங்க வேண்டிய உத்தரம் தூணுக்கு நேராக அமையாமல் தள்ளி நிற்கும். எங்கே பிழை என்று பார்ப்பவருக்குச் சொல்லத் தெரியாது; ஏதோ நாடகக் கொட்டகை போலிருக்கிறது என்பது மட்டும் தெரியும். பாட்டியா போன்றவர்களின் கேலி குறிவைப்பது இந்த இடத்தைத்தான்.

இதில் இழப்பு வெறும் அழகு மட்டும் அல்ல. தூண் தாழ்வாரம் தில்லி வெயிலுக்கு உண்மையிலேயே வேலை செய்யும் உறுப்பு. ஜூன் மாத நண்பகலில் இங்கு சூரியன் ஏறத்தாழ 85 பாகையில், தலைக்கு நேர் மேலே நிற்கிறது. டிசம்பரில் 38 பாகைக்கு இறங்கிவிடுகிறது. தெற்கு நோக்கிய, பத்தடி உயரமும் எட்டடி ஆழமும் உள்ள தாழ்வாரத்தில், கோடை நண்பகல் வெயில் ஓர் அடிக்கு மேல் உள்ளே வராது. குளிர்காலத்திலோ அதே தாழ்வாரத்தைத் தாண்டிக் கூடத்துக்குள் நாலைந்து அடி வரை இளவெயில் விழும். மின்விசிறி வருவதற்கு முந்தைய காலத்து பங்களாக்களின் உயர்ந்த கூரையும் சுற்றுத் தாழ்வாரமும் இந்தக் கணக்கை அறிந்தே எழுந்தவை. இன்றைய பண்ணை வீடுகளில் தூண்கள் சுவரோடு ஒட்டி நிற்கின்றன. அவற்றுக்குப் பின்னால் தாழ்வாரமே இல்லை. கண்ணாடிச் சுவரும், அதை ஈடுகட்டக் குளிர்சாதன இயந்திரங்களும்தான் இருக்கின்றன. தூணை வாங்கி நிழலை விட்டுவிட்டார்கள்.

நூறு எப்படி ஆயிரமானது?

சட்டம் நூறு சதுர மீட்டர் என்றது. எழுந்தவை அதைப் போல் பல மடங்கு. நீச்சல் குளம், விருந்தினர் மாளிகை, பணியாளர் குடியிருப்பு, தரைக்குக் கீழே ஒரு தளம் என்று கட்டடம் வளர்ந்துகொண்டே போனது. 1954-ஆம் ஆண்டு தில்லி நிலச் சீர்திருத்தச் சட்டத்தின் 81-ஆவது பிரிவு, விவசாய நிலத்தைப் பயிர், தோட்டம், கால்நடை வளர்ப்பு தவிர வேறு காரியத்துக்குப் பயன்படுத்தினால் நிலத்தை விட்டு வெளியேற்ற வகை செய்கிறது. உழுபவனுக்கு நிலம் என்ற லட்சியத்தோடு எழுதப்பட்ட அந்தப் பிரிவு, உழாதவர்களின் மதில் சுவருக்கு வெளியே நின்றுவிட்டது.

வரிச் சட்டங்களும் இந்த வீடுகளை அவ்வப்போது எட்டிப் பார்த்திருக்கின்றன. விவசாய வருமானத்துக்கு வருமான வரி இல்லை என்பதால், பண்ணை வீட்டைத் திருமணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வாடகைக்கு விட்டு வரும் பணத்தையும் விவசாயக் கணக்கில் காட்டும் வழி ஒன்று இருந்தது. 2000-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் அந்த வழியை அடைத்தது. நகராட்சி எல்லையிலிருந்து 25 கிலோ மீட்டருக்குள் உள்ள பண்ணை வீடு செல்வ வரிக்கு உட்பட்ட சொத்தாக இருந்தது. 2015-இல் செல்வ வரியே ஒழிக்கப்பட்டுவிட்டது.

பண்ணை வீட்டின் உண்மையான செலவு பூமிக்கு அடியில் இருக்கிறது. தெற்கு தில்லியின் பெரும்பகுதி ஆரவல்லிப் பாறை. பெய்யும் மழை பாறை இடுக்கு வழியே மெல்ல இறங்கித்தான் நிலத்தடி நீராக வேண்டும். மெஹ்ரோலி, சத்தர்பூர் வட்டாரத்தில் இறங்குவதைவிட எடுப்பது அதிகம் என்பதால், தெற்கு, தென்மேற்கு மாவட்டங்களில் புதிய ஆழ்துளைக் கிணறுகளுக்கு மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 2000-ஆம் ஆண்டிலேயே கட்டுப்பாடு விதித்தது. இரண்டரை ஏக்கர் புல்வெளியை மே மாதத்தில் பச்சையாக வைத்திருக்க எவ்வளவு நீர் வேண்டும் என்பதை, பக்கத்துச் சங்கம் விகார் குடியிருப்பில் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நிற்பவர்களிடம் கேட்க வேண்டும். அதே பாறைத் தொடரின் மறுபக்கத்தில் அசோலா-பட்டி வன உயிரினச் சரணாலயம். அதைத் தாண்டினால் ஹரியாணாவின் பரீதாபாத், குருகிராம் மாவட்டங்கள். 1992 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் குருகிராம், அல்வர் மாவட்ட ஆரவல்லிப் பகுதிகளில் கட்டுமானத்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. வார இறுதி வீடுகள் அதற்குப் பிறகும் முளைத்தன.

குடிசைக்கு ஆறு வாரம்

இரு வேறு நீதிமன்ற உத்தரவுகள் இந்தக் கதையின் இரு முனைகளைக் காட்டுகின்றன. பரீதாபாத் எல்லையில் உள்ள காந்த் என்கிளேவ், வசதி படைத்தோரின் குடியிருப்பு. அது வனமாகக் கருதப்பட வேண்டிய நிலத்தில் அமைந்தது என்று கூறி, 1992 ஆகஸ்ட் 18-க்குப் பிறகு அங்கு எழுந்த கட்டடங்களை இடிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் உத்தரவிட்டது. நீதிபதிகள் மதன் பி. லோகுர், தீபக் குப்தா அமர்வு, வீட்டு உரிமையாளர்களுக்கு இழப்பீடு வழங்கவும் கூறியது.

அதே மலைத்தொடரில் கோரி கிராமம். கல் குவாரிகளில் வேலை செய்ய வந்தவர்களும், பிற்பாடு வீட்டு வேலை செய்வோரும் ஆட்டோ ஓட்டுவோரும் குடியேறிய இடம். சுமார் 10,000 வீடுகள். 2021 ஜூன் 7-இல், கரோனா இரண்டாவது அலை ஓய்ந்தும் ஓயாத நேரத்தில், ஆறு வாரத்தில் அனைத்தையும் அகற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. மழைக்காலத்தில் புல்டோசர்கள் வந்தன. வன நிலத்தில் உள்ள பண்ணை வீடுகளும் திருமண மண்டபங்களும் மட்டும் நிற்கலாமா என்ற கேள்வி நீதிமன்றத்தில் எழுப்பப்பட்டது. வன நிலத்தில் உள்ள எந்தக் கட்டடத்துக்கும் விதிவிலக்கு இல்லை என்று நீதிபதிகள் தெளிவுபடுத்தினர். அதன் பின் பண்ணை வீடுகளுக்கு நோட்டீஸ் போயிற்று. பஞ்சாப் நிலப் பாதுகாப்புச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி தடை உள்ள நிலங்கள் வன நிலத்துக்குரிய தன்மை கொண்டவை என்ற தீர்ப்பு 2022 ஜூலையில் வந்தது. குடிசைகள் சில வாரங்களில் தரைமட்டமாயின. தூண் முகப்புகளுக்கோ நோட்டீசுக்குப் பதில் எழுதவும், மேல்முறையீடு செய்யவும், நில அளவையை மறுக்கவும் வழக்குரைஞர்கள் இருந்தார்கள்.

அவையில் வந்து நின்ற பண்ணை வீடு

தில்லிக்குள் கதை நாடாளுமன்றம் வரை வந்தது. எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006 மார்ச்சில் கண்காணிப்புக் குழு அமைத்ததும் தலைநகர் எங்கும் விதி மீறிய கடைகளுக்கு 'சீல்' வைக்கும் படலம் தொடங்கியது. வணிகர்கள் தெருவுக்கு வந்தார்கள். ஆளும் கட்சி, எதிர்க்கட்சி இரண்டும் பதறின. அதே ஆண்டு மே மாதம் தில்லிச் சட்டங்கள் (சிறப்பு வகைமுறைகள்) மசோதா நிறைவேற்றப்பட்டது. விதிமீறல்கள் மீதான நடவடிக்கையை ஓராண்டுக்கு நிறுத்தி வைப்பது அதன் நோக்கம். அந்த ஓராண்டுக்குள் அரசு நிரந்தரத் தீர்வு காணும் என்று சொல்லப்பட்டது.

ஓராண்டு இருபது ஆண்டை நோக்கி நீண்டது. 2007, 2009, 2011, 2014, 2017, 2020, 2023 என்று காலக்கெடு முடியும் ஒவ்வொரு முறையும், சில வேளைகளில் அவசரச் சட்டத்தின் மூலமும், சில வேளைகளில் கூட்டத்தொடரின் கடைசி நாள்களில் கொண்டுவந்த மசோதாவின் மூலமும், பாதுகாப்பு புதுப்பிக்கப்பட்டது. ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசு தொடங்கியதை பாஜக அரசு தொடர்ந்தது. பிற விஷயங்களில் அவையை நாள்கணக்கில் முடக்கிய கட்சிகள் இந்த மசோதாவை அதிகம் தாமதப்படுத்தியதில்லை. தில்லியில் வாக்கு வங்கி எல்லாக் கட்சிக்கும் தேவைப்படுகிறது.

மசோதாவுக்காக அவையில் வாதாடிய உறுப்பினர்கள் பேசியது குடிசைவாசிகளையும் நடைபாதை வியாபாரிகளையும் அங்கீகாரமற்ற குடியிருப்புகளில் வாழும் லட்சக்கணக்கானோரையும் பற்றித்தான். அவர்களுக்குப் பாதுகாப்பு தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால், 2011-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வாசகத்தை நிதானமாகப் படித்தால், குடிசைகளும் கிராமக் குடியிருப்புகளும் இடம்பெற்றிருக்கும் அதே பட்டியலில், அனுமதித்த அளவைத் தாண்டிக் கட்டிய பண்ணை வீடுகளுக்கான கொள்கையும் ஓர் இனமாக உட்கார்ந்திருப்பது தெரியும். பத்தடிக்குப் பத்தடிக் குடிசைக்கும், நீச்சல் குளம் கொண்ட ஒரு ஹெக்டேர் தோட்டத்துக்கும் ஒரே கேடயம். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கரை சேர்ப்பது சட்டமியற்றும் கலையில் புதிதல்ல. இவ்வளவு பளிச்சென்று தெரிவதுதான் அரிது.

பண்ணை வீடுகளுக்கான அந்தக் கொள்கை 2013 மே மாதம் வந்தது. பசுமை வளையத்தின் ஒரு பகுதி 'குறைந்த அடர்த்திக் குடியிருப்புப் பகுதி' என்று பெயர் மாறியது. குறைந்தபட்ச நிலம் இரண்டரை ஏக்கரிலிருந்து ஒரு ஏக்கராகக் குறைந்தது. கட்டிக்கொள்ளக்கூடிய பரப்பு பல மடங்கு உயர்ந்தது. ஏற்கெனவே கட்டியவர்கள் கட்டணம் செலுத்தி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றும் ஆயிற்று. விதியை மீறிய வீடு திருந்தவில்லை. விதி வீட்டின் அளவுக்கு வளர்ந்தது.

அங்கீகாரமற்ற குடியிருப்புகளின் விஷயத்தில் மட்டும் மத்திய அரசு ஒரு கோடு கிழித்தது. 1,731 குடியிருப்புகளில் வசிப்போருக்குச் சொத்துரிமை தரும் சட்டம் 2019 டிசம்பரில் நிறைவேறியபோது, சைனிக் ஃபார்ம்ஸ், மகேந்துரு என்கிளேவ், அனந்த் ராம் டெய்ரி உள்ளிட்ட 69 வசதி படைத்தோர் குடியிருப்புகள் அதற்கு வெளியே வைக்கப்பட்டன. சைனிக் ஃபார்ம்ஸ் என்பது ஓய்வுபெற்ற ராணுவத்தினர் பயிர் செய்வதற்கென்று தொடங்கிய இடம். அதன் மாளிகை முகப்புகளிலும் கொரிந்தியன் தலைகளுக்குக் குறைவில்லை.

இன்று தெற்கு தில்லியில் நூறு சதுர மீட்டருக்குள் ஒரு தூண் வீடு வரையச் சொல்லி யாராவது வந்தால், கட்டடக் கலைஞர் முதலில் கேட்பது நிலத்தின் வகைப்பாட்டை: குறைந்த அடர்த்திக் குடியிருப்பா, ஆரவல்லி வனமா, நிலச் சீர்திருத்தச் சட்டத்துக்கு உட்பட்ட விளைநிலமா என்று. அடுத்தது தண்ணீர் எங்கிருந்து வரும் என்பது. தூண் டஸ்கனா டோரிக்கா என்பது மூன்றாவது கேள்வி. ஏற்கெனவே எழுந்துவிட்ட பெரிய வீடுகளுக்கு இந்த வரிசை தலைகீழாக நடந்திருக்கிறது. முதலில் தூண், பிறகு ஆழ்துளைக் கிணறு, கடைசியில் சட்டம். 2023 டிசம்பரில் இரு அவைகளும் நிறைவேற்றிய திருத்தம் அந்தப் பாதுகாப்பை மேலும் மூன்று ஆண்டுகள், 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்தது.